உடைஞ்ச யாளிக்கு முதுகு செஞ்ச அனுபவம்: செட்டிநாட்டு நிலையில சிஎன்சி ரவுட்டர் வேலை

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஸ்தபதியும் இல்ல, தொல்லியல் படிச்சவனும் இல்ல. காரைக்குடி பக்கம் மர வேலைக்கு ஒரு சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்ற வழில பிட்டு ஓடி மரத்தைச் செதுக்குற மெஷின், வச்சு ஓட்டிட்டிருக்கேன். நாலுக்கு எட்டு அடி பெட், மூணு ஆக்சிஸ் (இட வலம், முன் பின், மேல கீழ), பிட்டைச் சுத்துற தண்ணி கூலிங் ஸ்பிண்டில், கையில புடிச்சு ஓட்டுற டிஎஸ்பி ரிமோட், அவ்ளோதான் என் சொத்து. தினப்படி வேலை புது வீட்டு தலைவாசல் கதவு, பூஜை ரூம் கதவு. கஸ்டமர் வாட்ஸ்அப்ல ஒரு கஜலட்சுமி படம் அனுப்புவார், நான் கம்ப்யூட்டர்ல ரெடியா கிடக்குற எஸ்டிஎல் ஃபைல்ல, அதாவது முப்பரிமாண உருவ ஃபைல்ல, ஒண்ணை எடுத்து சைஸ் மாத்தி ஓட்டி விடுவேன். சுத்துப்பட்டுல எந்தப் புது வீட்டு வாசல்ல நின்னு பாருங்க, அதே லட்சுமி, அதே மூக்கு, அதே ரெண்டு யானை. எல்லாரும் ஒரே ஃபைலை கைமாத்தி கைமாத்தி வெட்டிட்டிருக்கோம். இந்த உருவங்களை டிசைன் பண்ற ஆர்ட்கேம் சாஃப்ட்வேரை ஆட்டோடெஸ்க் கம்பெனி 2018லயே விக்கறதை நிறுத்திட்டாங்க, எங்க ஆளுங்க இன்னும் அந்தப் பழைய வெர்ஷனைத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கோம், நானும்தான்.

இப்படி இருக்கறப்ப ஒரு ஆச்சி பட்டறைக்கு நேர்ல வந்தாங்க. கையில ஒரு உரச்சாக்கு. உள்ள மரத்துண்டு. "தம்பி, முகப்பு நிலைக்கு மேல வலது பக்க யாளி விழுந்துருச்சு, இதெல்லாம் அதோட சிதறல், கூட்டிப் பெருக்கறவ அள்ளிப் போடப் பாத்தா, நாந்தான் புடுங்கி வச்சேன்"னாங்க. சாக்கைக் கொட்டிப் பாத்தா முன்னங்கால் ஒண்ணு முழுசா இருக்கு, பிடரி முடியில ஒரு பிடி, மீதி எல்லாம் கரையான் தின்ன பிஸ்கட்டு மாதிரி பொடிஞ்சது.

வீட்டைப் போய்ப் பாத்தேன். ஆச்சியோட மாமனாருக்கு அப்பா ரங்கூன்ல கடை வச்சிருந்த காலத்துல கட்டின வீடு. பர்மா தேக்கு கப்பல்ல வந்து எறங்குன காலம். 1942ல ஜப்பான்காரன் ரங்கூனைப் புடிச்சதோட அந்த வரவு நின்னுச்சு, இன்னிக்கு வீட்டுல ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும்தான், பங்காளிங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு. உலகப் பாரம்பரிய இடமா ஆகறதுக்கான யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே சேந்துருச்சு, ஆனா அதுக்கும் முகப்புல ஒழுகுற ஓட்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஓடு நகந்து மழைத்தண்ணி நிலைக்குப் பின்னாடி சொவத்துல எறங்கி, ஈரத்தைத் தேடி கரையான் ஏறி, முன்னாடி பெயின்ட் தோலை மட்டும் விட்டுட்டு உள்ள இருக்கறதை சாப்ட்டுருக்கு. பாக்கறதுக்கு யாளி நல்லாத்தான் இருந்துருக்கும், ஒரு நாள் கதவை வேகமா சாத்தவும் விழுந்துருச்சு.

நிலைல இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தது பின்னங்காலும் வால்ல பாதியும். இடது பக்க யாளி முழுசா இருக்கு, ஆனா பொங்கலுக்குப் பொங்கல் அடிச்ச இனாமல் பெயின்ட்ல மொகம் மழுங்கிப் போய்.

எனக்கு முன்னாடி வந்து பாத்தவர் சொன்ன ஐடியா, ரெண்டையும் அறுத்து எடுத்துட்டு புதுசா ஜோடியா மாட்டிருவோம், ரெண்டு நாள் வேலைன்னு. நானும் அதைத்தான் சொல்லிருப்பேன், பொய் சொல்லல. ஆச்சி ஒரே கேள்விதான் கேட்டாங்க, "இருக்கறதை எதுக்கு எடுக்கணும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ராத்திரி உக்காந்து பழசைப் புதுப்பிக்கிறதைப் பத்தி தேடிப் படிச்சப்பதான் 1964ல வெனிஸ்ல போட்ட சாசனம்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது, அதுல ஆச்சி கேட்டதையேதான் சட்டம் மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ஊகம் எங்க ஆரம்பிக்குதோ அங்க வேலையை நிறுத்திடணும். புதுசா சேக்குற துண்டு மொத்தத்தோட ஒத்துப் போகணும், அதே நேரம் பழசு எது புதுசு எதுன்னு பிரிச்சுப் பாக்கவும் முடியணும். சரி, இதை வச்சு முயற்சி பண்ணிப் பாப்போம்னு எறங்கிட்டேன்.

ஸ்கேனர்லாம் இல்ல, போனை வச்சு போட்டோகிராமெட்ரிதான். அதாவது ஒரே பொருளை சுத்திச் சுத்தி நெறைய போட்டோ எடுத்து, சாஃப்ட்வேர்ல போட்டா அதுவே முப்பரிமாண மாடல் கட்டித் தரும். மெஷ்ரூம்னு இலவசமாவே கிடைக்குது. முதல் நாள் மத்தியானம் எடுத்த 140 போட்டோ மொத்தமும் வீண். இனாமல் பெயின்ட் பளபளன்னு இருக்கறதால வெளிச்சம் தெறிச்சு, யாளி நெத்தில அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா வந்துச்சு. மறுநாள் விடியக்காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, முகப்பு முழுக்க வெள்ளை பெட்ஷீட் கட்டி, ஏணி மேல நின்னு ஃப்ளாஷ் இல்லாம எடுத்தேன், அது நல்லா வந்துச்சு. இன்னொரு பாடம் அளவு. போட்டோல இருந்து வர்ற மாடலுக்கு அளவு தெரியாது, நாமதான் சொல்லணும். ஒரே ஒரு ஸ்டீல் ஸ்கேலை பக்கத்துல வச்சு எடுத்துட்டு அதை நம்பி மொத்தத்தையும் பெருசாக்கினதுல நிலையோட அகலத்துல 3 மி.மீ. தப்பு. அப்புறம் நாலு பக்கமும் நாலு ஸ்கேல் ஒட்டி எடுத்தேன்.

அப்புறம் பண்ணதுதான் முட்டாள்தனம். இடது யாளியோட மாடல் கைல இருக்கு, கண்ணாடில பாக்குற மாதிரி மிரர் பண்ணா வலது யாளி ரெடி, ஒரு பட்டன். ஜோடி யாளிதானே, ஒண்ணு மாதிரிதானே இன்னொண்ணு இருக்கும்! ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

மரத்துக்கு காரைக்குடில பழைய சாமான் கடைத்தெருவுக்குப் போனேன். பிரிச்ச வீட்டு உத்திரம், தூண், கதவுன்னு எல்லாம் கிடைக்கும் அங்க. ஒரு செட்டிநாட்டு வீட்டு வாய்க்குப் பல்லு கட்ட இன்னொரு செட்டிநாட்டு வீட்டு எலும்பை வாங்கறோமேன்னு கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்துச்சு, ஆனா புதுத் தேக்கு இந்தப் பழைய மரத்தோட சேந்து நிக்காது, ஈரம் காயக் காய முறுக்கிக்கும். நூறு வருஷம் காஞ்ச உத்திரம் இனிமே அவ்வளவா அசையாது. ஒண்ணரை அடிக்கு ஒரு துண்டு வாங்கிட்டு வந்து, காந்தம் வச்சுத் தடவிப் பாத்து, ஆணி இல்லைன்னு முடிவு பண்ணி பெட்ல ஏத்திட்டேன்.

ஆணி இருந்துச்சு. தலை முறிஞ்சு உள்ள ரெண்டு அங்குல ஆழத்துல உக்காந்திருந்துச்சு, காந்தத்துக்கு எட்டல. ரஃபிங், அதாவது முரட்டு வெட்டு, ஓடி முடிச்சு, நுனி 1 மி.மீ. உருண்டையா இருக்குற கூம்பு பிட்டு (டேப்பர் பால்நோஸ்) போட்டு ஃபினிஷிங் ஓடுறப்ப "டிக்"னு ஒரு சத்தம், பிட்டு ரெண்டா போச்சு. கார்பைட் பிட்டு, ரெண்டாயிரம் ரூபா. அதுக்கப்புறம் கல்யாண மண்டபத்துல செக்யூரிட்டியா இருக்குற ஃபிரண்டுகிட்ட ஆளைத் தடவிப் பாக்குற மெட்டல் டிடெக்டரை கடன் வாங்கித்தான் பழைய மரத்தைத் தொடுறேன், சிரிக்காதீங்க, வேலை செய்யுது. ஆணி இல்லாட்டியும் தேக்கு பிட்டைத் தின்னும், மரத்துக்குள்ளயே சிலிக்கா இருக்கறதால முனை சீக்கிரம் மழுங்கிரும். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், தேக்குத் தூசி எனக்கு ரெண்டு நாள் கண்ணெல்லாம் எரிச்சல் குடுத்துச்சு.

வேற பிட்டு போட்டு முடிச்சேன். 380க்கு 260 மி.மீ. சைஸ், 55 மி.மீ. எழும்பி நிக்கிற உருவம். வரிக்கு வரி கால் மி.மீ. இடைவெளி. கம்ப்யூட்டர் மூணேகால் மணி நேரம்னு காட்டுச்சு, இசட் ஆக்சிஸ் ஏறி எறங்குறதுல அஞ்சு மணி நேரத்தைத் தாண்டிருச்சு. வந்த யாளியைப் பாத்தா எனக்கே பெருமை, துணியில சுத்தி ஸ்கூட்டர் முன்னாடி வச்சு எடுத்துட்டுப் போனேன்.

நிலைல வச்சுப் பாத்தா பொருந்தல.

பின்னங்கால் மீதி இருக்கறதால கொஞ்சம் தள்ளி நிக்கும்னு எதிர்பாத்தேன், அதைச் சொல்லல. உருவமே பொருந்தல. அன்னிக்கு என் கூட வந்திருந்தார் பெரியாசாரி, எழுபதைத் தாண்டினவர், கோயில் வாகனம், தேர்ச் சட்டம்னு வேலை பாத்தவர், இப்ப கை நடுக்கம் கொஞ்சம். ஏணி புடிக்கத்தான் கூட்டிட்டுப் போனேன். அவர் கீழ இருந்தே, "தம்பி, அந்த பெயின்ட் கரையைப் பாரு"ன்னார்.

அப்பதான் பாத்தேன். யாளி விழுந்த எடத்துல பலகை பெயின்ட் இல்லாம வெறும் மரமா இருக்கு, சுத்தி கோடு மாதிரி பெயின்ட் மேடு. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கறவன் பிரஷ்ஷை யாளியை ஒட்டி ஓட்டினதுல, நீலம், பச்சை, பிரவுன்னு அடுக்கு அடுக்கா, ஒரு தீவோட கரை மாதிரி அதோட உருவம் அப்படியே பதிஞ்சிருக்கு. இவ்ளோ நாள் ஏணில ஏறி எறங்குறேன், கண்ணுல படல. ட்ரேசிங் பேப்பரை ஒட்டி பென்சிலால தேச்சு எடுத்து, ஜெராக்ஸ் கடைல ஸ்கேன் பண்ணி, என் மாடல் மேல போட்டா வால் நுனி 14 மி.மீ. மேல ஏறி சுருண்டிருக்கு, நெஞ்சு 9 மி.மீ. முன்னாடி தள்ளியிருக்கு, தலை கொஞ்சம் குனிஞ்சிருக்கு. இடதும் வலதும் கண்ணாடி பிம்பமே இல்ல. சாக்குல கிடந்த முன்னங்காலை இடது யாளியோட கால் பக்கத்துல வச்சுப் பாத்தார் பெரியாசாரி, உளி போன தடத்தையும் காட்டினார், இடதுல உளி வெட்டு நீளமா ஒரே இழுப்பா போகுது, வலதுல குட்டிக் குட்டியா தட்டித் தட்டிப் போயிருக்கு. "இது ரெண்டு ஆளு கை. ஒருத்தன் பொறுமைக்காரன், ஒருத்தன் அவசரக்காரன்"ன்னார். யார் அவசரம்னு கேட்டேன், சொல்லல, சிரிச்சார்.

பட்டறைக்குத் திரும்பி மூணு நாள் அதைத் தொடல. மரம் போச்சு, பிட்டு போச்சு, கவுரவமும் போச்சு. அப்புறம் யோசிச்சா, மெஷினை நான் தப்பான பக்கத்துக்கு யூஸ் பண்ணிருக்கேன்னு பட்டுச்சு. முன்பக்கம் மொகம், முடி, நகம், இதெல்லாம் அந்த ரெண்டாவது ஆசாரியோட கை, அதுக்கு என்கிட்ட முழு ஆதாரம் இல்ல, பெரியாசாரி மாதிரி ஒரு ஆள் பாத்துப் பாத்து பண்ண வேண்டியது. ஆனா பின்பக்கம்? உடைஞ்ச எடம் கரடுமுரடா பல்லும் பள்ளமுமா நிக்குது. சாதாரணமா தச்சு வேலைல என்ன பண்ணுவோம், அந்தப் பல்லையெல்லாம் வாள் போட்டு சமமா அறுத்துட்டு புதுத்துண்டை ஒட்டுவோம். அதுல பழைய மரம் ஒரு அங்குலமாவது போகும். அந்தப் பள்ளத்தை அளந்து, அதுக்கு நேர் எதிரான மேட்டை புதுத்துண்டுல வெட்டினா பழசுல ஒரு சிராய் கூட எடுக்க வேண்டாமே? கையால அதைப் பண்ண மாசக்கணக்கு ஆகும், மெஷினுக்கு அது சும்மா ஒரு உருவம்தான். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ்ல இருக்குற பழைய கிரேக்கக் கோயில் பார்த்தெனானுக்கும் வேற முறைல இதே யோசனைதான். பழைய கல்லு வந்த அதே பென்டெலி மலைல இருந்து புதுப் பளிங்கு வெட்டி, உடைஞ்ச பழைய கல்லைச் செதுக்காம, அதோட உடைவுக்குத் தகுந்த மாதிரி புதுக்கல்லைச் செதுக்கிச் சேக்குறாங்க, முன்னாடி போட்ட இரும்புக் கம்பி துருப்பிடிச்சு கல்லைப் பொளந்ததால இப்ப டைட்டானியம் போடுறாங்க. நம்மகிட்ட டைட்டானியம் இல்ல, மூங்கில் இருக்கு.

உடைவை ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி அது உதிராம நிக்கணும். கரையானுக்கு மருந்து அடிச்சு, கூரை ஓடு மாத்தி, ஒரு மாசம் காய விட்டேன். அப்புறம் பாரலாய்டு பி-72னு ஒரு அக்ரிலிக் ரெசின், மியூசியம் வேலைல யூஸ் பண்றது, ஆன்லைன்ல வாங்கி அசிட்டோன்ல தண்ணியா கரைச்சு பிரஷ்ஷால ஊட்டினேன், பொடியா உதிர்ந்தது கெட்டியாச்சு. வேண்டாம்னா பின்னால அசிட்டோன்லயே கரைச்சு எடுத்துக்கலாம். பெயின்ட்டை நான் சொரண்டல, ஹீட் கன்னும் வைக்கல. பழைய இனாமல்ல ஈயம் இருக்கும், அந்தத் தூசியையும் புகையையும் வயசான ஆச்சி இருக்குற வீட்டுல கிளப்ப முடியாது, அதோட அந்தப் பெயின்ட் கரைதானே இப்ப எனக்கு சாட்சி.

மாடலை பிளெண்டர்ங்கற முப்பரிமாண சாஃப்ட்வேர்ல போட்டு உடைவோட எதிர் உருவத்தை எடுத்தேன். இங்க ஒரு சிக்கல். மூணு ஆக்சிஸ் மெஷின் மேல இருந்து கீழ மட்டும்தான் பாக்கும், உள்வாங்குன குடைவை வெட்டாது, வெட்டினாலும் துண்டு உள்ள நுழையாது, மாட்டிக்கும். அதனால எந்தத் திசைல துண்டைத் தள்ளி மாட்டுவோம்னு முதல்ல முடிவு பண்ணி, வலதுல இருந்து கொஞ்சம் சாய்வா, அந்தத் திசைக்குத் தடையா இருக்குற குடைவையெல்லாம் மாடல்ல மூடிட்டேன். அதோட எல்லா எடத்துலயும் 0.3 மி.மீ. சந்து விட்டேன். முதல்ல எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செஞ்ச பலகையை அடுக்கி ஒட்டி அதுல வெட்டிப் பாத்தேன், நேரா தேக்குல எறங்குற தைரியம் போயிருந்துச்சு. பழைய மரத்து மேல மெல்லிசு பாலித்தீன் ஒட்டி, அதுல நீலப்பொடி தடவி, துண்டை அழுத்தி எடுத்தா எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும், இது பெரியாசாரி சொன்ன வழி. மூணு எடம் இடிச்சுது, மாடல்ல திருத்தினேன். ரெண்டாவது எம்டிஎஃப் வழுக்கிக்கிட்டு உள்ள போய் உக்காந்துச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே காசு குடுக்கலாம்.

தேக்குல பின்பக்கத்தை முதல்ல வெட்டி, அப்புறம் திருப்பிப் போட்டு முன்பக்கம். திருப்புறப்ப எடம் மாறாம இருக்க பெட்ல ரெண்டு பின் அடிச்சு, துண்டுல அதுக்கு நேரா ரெண்டு ஓட்டை, திருப்புற அச்சுலயே ரெண்டும் இருக்கணும், இல்லைன்னா முன்னும் பின்னும் நழுவிரும். மரத்து நார் வரி ஓடுற திசை பாத்துப் படுக்க வச்சது பெரியாசாரி, கால் நீளத்துக்கு வரி ஓடணும், குறுக்க ஓடினா ஒரு தட்டுல முறிஞ்சிரும்னு. முன்பக்கத்துக்கு 6 மி.மீ. பிட்டுல ரஃபிங், அப்புறம் 3 மி.மீ. பால்நோஸ்ல ஒரு ஓட்டம், அதோட நிறுத்திட்டேன், எல்லா எடத்துலயும் 1.2 மி.மீ. தோல் மிச்சம் விட்டு. ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சுது. மீதியை உளி பாத்துக்கட்டும்.

இப்படி பாதில நிறுத்தறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சிரியால பால்மைராங்கற பழங்கால நகரத்தோட வெற்றி வளைவை 2015ல ஐஎஸ் ஆளுங்க வெடி வச்சுத் தகர்த்தாங்க, அடுத்த வருஷம் இத்தாலி கராராவுல ரோபோவை வச்சு எகிப்துப் பளிங்குல சின்ன சைஸ்ல ஒரு நகல் செதுக்கி லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துல நிறுத்தினாங்க. போட்டோல பாத்தவுடனே எனக்குப் பட்டது, சோப்பு மாதிரி இருக்கேன்னு. என்னோட முதல் யாளியும் அதே சோப்புதான். கால் மி.மீ. வரி வரியா மெஷின் போன மேடு இடது யாளி பக்கத்துல வச்சா வெளிச்சத்துல வேற மாதிரி மின்னுது.

பெரியாசாரி நாலு நாள் எடுத்தார். கை நடுங்குதேன்னு பயந்தேன், உளியும் கொட்டாப்புளியும் கைக்கு வந்ததும் நடுக்கத்தைக் காணோம். முன்னங்கால் பழசு இருக்கறதால அதை அப்படியே சேத்தாச்சு. வயித்துக்கு அடில, கால் இடுக்குல, மெஷின் எட்டாத குடைவெல்லாம் அவரே. பிடரில, சாக்குல கிடைச்ச துண்டு இருக்குற எடம் வரைக்கும் சுருள் முழுசா போட்டார். அதுக்கு மேல எத்தனை சுருள் இருந்துச்சு, எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு எங்களுக்குத் தெரியாது, அங்க முடி ஓடுற திசைக்கு கோடு மட்டும் போட்டு விட்டுட்டார். "மொட்டையா தெரியாதா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. "தெரியட்டும் ஆச்சி, இல்லாததை நான் எங்க போய் கொண்டு வர்றது"ன்னார். மெஷின் விட்ட அந்த 1.2 மி.மீ. கண்ணுகிட்ட பத்தல, ஒரு முழி மட்டும் கொஞ்சம் தட்டையாயிருச்சு. அது என் தப்பு, அடுத்த தடவை மொகத்துல மட்டும் 2 மி.மீ. விடணும்.

ஒட்டுறதுல சண்டை வந்துச்சு. நான் அரால்டைட்னேன், அவர் வஜ்ஜிரம்னார். பழைய தச்சு வேலைல தோல் எலும்புல காய்ச்சின அந்தப் பசைதான், சூடாக்கித் தடவணும், நாத்தம் தாங்காது. ஆனா நூறு வருஷம் கழிச்சு எவனாவது இதைக் கழட்டணும்னா வெந்நீர் ஒத்தடத்துல விட்டுக்கொடுக்கும், அரால்டைட் போட்டா மரத்தைப் பேத்துத்தான் எடுக்கணும். அவர்தான் ஜெயிச்சார். தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கறதால ஒட்டுற எடத்தை மட்டும் அசிட்டோன் போட்டுத் துடைச்சு, மூங்கில் ஆணி மூணு, வஜ்ஜிரம், மீதி சந்துல தேக்குப் பொடியும் வஜ்ஜிரமும் குழைச்சது. கயிறு கட்டி முறுக்கி ரெண்டு நாள் விட்டோம். ஒட்டுறதுக்கு முன்னாடி முதுகுல சால்டரிங் அயனால வருஷமும் "புதுசு"ன்னும் சுட்டு எழுதினேன், பெரியாசாரி அவரோட உளிக்குறி ஒண்ணு போட்டார்.

பெயின்ட் அடிக்கல. பழசு பிரவுன் இனாமல், புதுசு வெறும் தேக்கு மேல லைட்டா தேன்மெழுகு, தூரத்துல இருந்தே தெரியுது. சிங்கப்பூர்ல இருந்து வந்த பங்காளி ஒருத்தர் வேலை பாதில நிக்குதான்னு கேட்டார். ஆச்சி அவரை உக்கார வச்சு அரை மணி நேரம் வெளக்கினாங்க, வெனிஸ் சாசனம் உட்பட, எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு.

கார்த்திகை மழை முடிஞ்சு போய்ப் பாத்தேன். ஓடு ஒழுகல, கரையான் மண் ஏறல, வாலு சேர்ற எடத்துல மட்டும் மேல்பக்கம் முடி கனத்துக்கு ஒரு விரிசல் விட்டிருக்கு. வெயில் காலத்துல மூடிக்குதான்னு பாத்துட்டு மெழுகு வைக்கலாம்னு பெரியாசாரி சொல்லிருக்கார். அந்த முதல் யாளி, கண்ணாடிப் பிம்பம், பட்டறைக் கதவு காத்துல சாத்திக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். வர்ற கஸ்டமர் எல்லாம் அதைப் பாத்துட்டு என்ன விலைன்னு கேக்குறாங்க.